இருநூற்றுப் பத்து ஜி.பி.

தேதி, மணி, கோப்பின் அளவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். அதனால் நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு நஷ்டமில்லை. மற்றவர்கள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

என் பெயர் பத்ரி. மேற்கு தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு ஸ்கேன் சென்டர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ராஜகீழ்ப்பாக்கம், மறைமலை நகர், காட்டாங்குளத்தூர் என்று மூன்று கிளைகள். மூன்று இடத்திலும் எடுக்கிற படங்கள் ஒரே விர்ச்சுவல் சர்வரில் வந்து சேரும். தினமும் காலை ஐந்து மணிக்கு அது பேக்கப் ஆகும். முழுவதும் இல்லை. முந்தைய நாளுக்குப் பிறகு எது மாறியதோ அது மட்டும். வழக்கமாக இரண்டு ஜி.பி. வரும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 12 காலை ஆறு மணிக்கு அந்த சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. ஐந்து மணி பேக்கப்பும் ஓடவில்லை. அது சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது முந்தைய நாள் காலை எடுத்த நகல்தான். அதைப் போட்டு சர்வரை எழுப்பினேன். மார்ச் 11 என்ற நாள் முழுசாகக் காணாமல் போனது. 'ஒரு கோப்பும் இழக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று வந்தவர்கள் படத்தைக் கையோடு வாங்கிப் போயிருப்பார்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். விஷயம் வெளியே வந்தால் என் வேலை போய்விடும். வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 23 காலை பேக்கப் 210 ஜி.பி. வந்து நின்றது. மறுநாளும் 210. அதற்கு மறுநாளும் அப்படியே.

சென்டர் முதலாளி தேவானந்தம் போன் செய்தார். "என்ன பத்ரி, இடமெல்லாம் ரொம்பிப் போகுது? உன்னால முடியலன்னா சொல்லு, வெளியில ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் செக் பண்ணிடறேன்."

எல்லாத்தையும் செக் பண்ணினால் மார்ச் 11 மாட்டும். நான் மாட்டுவேன். "நானே பார்த்துடறேன் சார்" என்றேன்.

பேக்கப் வீங்கினால் சந்தேகப்பட நாலைந்து பேர் உண்டு. வைரஸ் தேடும் மென்பொருள். டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் வேலை. அது வீட்டுச் சாமான்களை அறைக்கு அறை மாற்றி வைப்பது மாதிரி. சாமான் பழசுதான், ஆனால் பேக்கப் அதைப் புதுசு என்று அள்ளிக்கொள்ளும். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. பிறகு கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஸ்கேன் கோப்புகள். ஒவ்வொன்றும் நான்கு நொடி இடைவெளியில் மறுபடி சேமிக்கப்பட்டிருந்தது. அதிகாலை 2:15-க்குத் தொடங்கி 4:40-க்கு முடிகிறது. சென்டரில் ஸ்கேன் பார்க்க வைத்திருக்கும் பழைய மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்து மூடினாலே போதும், புதிதாகச் சேமித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் யாரோ தினமும் எல்லாருடைய படத்தையும் திறந்து பார்க்கிறார்கள். முதலில் ராஜகீழ்ப்பாக்கம். பிறகு மறைமலை நகர். பிறகு காட்டாங்குளத்தூர். கடைசியில் மறுபடி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே ஒரு தேதியைத் தேடிவிட்டு நிற்கிறது. மார்ச் 11.



ஏப்ரல் 29. ஆபீசில் நான் மட்டும். 2:15-க்குத் திரையில் பட்டியல் நகர ஆரம்பித்தது. எந்தக் கணினி என்று பார்த்தேன். ராஜகீழ்ப்பாக்கம், ரிசப்ஷன் இரண்டு. அங்கே இருக்கும் வாட்ச்மேன் சிட்டிபாபுவுக்குப் போன் போட்டேன்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார். பூட்டி கீது."

"திறந்து பாரு. ரிசப்ஷன்ல ரெண்டாவது கம்ப்யூட்டர்."

சாவி சத்தம். ஷட்டர் சத்தம். அப்புறம் போனில் ஒரு சின்ன ஒலி... டக்... நான்கு நொடி... டக்...

"கம்ப்யூட்டர் ஆஃப்ல கீது சார். பிளக்கே புடுங்கி வெச்சிகிறாங்க."

"அப்போ அது என்ன சத்தம்?"



"சார்... நாற்காலி சூடா கீது."

காலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்கேன் எடுக்கும் கிறிஸ்டியிடம் நைசாகக் கேட்டேன். மார்ச் 11 அன்று யாராவது ரிப்போர்ட் வாங்காமல் போனார்களா?

"எப்சி மிஸ்ணா. ஸ்கூல் டீச்சர். தலைவலின்னு கடைசியா வந்தாங்க. நான்தான் எடுத்தேன். இடது காதுக்கு மேல ரத்தக் குழாய் பட்டாணி சைஸுக்கு வீங்கி இருந்துச்சு. நாங்க வாயால சொல்லக் கூடாது, மறுநாள் டாக்டர் பார்த்து ரிப்போர்ட் தரணும். மறுநாள் படமே இல்ல. ஐ.டி.ல ஒண்ணும் போகலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, நீ எடுத்திருக்கவே மாட்டன்னு சார் என்னைக் கத்துனாரு."

"அவங்க?"

"வேற பிராஞ்ச்ல எடுத்திருப்பீங்கன்னு மறைமலை நகர் அனுப்புனாங்க. அங்கேருந்து காட்டாங்குளத்தூர். அங்கேருந்து திரும்ப இங்க. திரும்ப எடுக்கணும்னா மறுபடி பணம் கட்டணும்னுட்டாங்க, ரசீதைக் கையில வெச்சுக்கிட்டு அலைஞ்சாங்க பாவம். ஏப்ரல் 22 கிளாஸ்ல பாடம் நடத்தும்போதே விழுந்து இறந்துட்டாங்கண்ணா."

எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. அதைவிட, தேவானந்தம் ஆள் கூப்பிட்டுவிடுவாரோ என்ற கவலை வந்தது. தேடுகிறவளுக்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் தேடுவதை நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. காட்டாங்குளத்தூர் கிளையில் மார்ச்சில் எடுத்த ஒரு தலை ஸ்கேன் கண்ணில் பட்டது. விஷ்ணுப்ரியா, இருபது வயது, கல்லூரி மாணவி. வண்டியிலிருந்து விழுந்து வந்திருக்கிறாள். ரிப்போர்ட்: நார்மல். அதை நகல் எடுத்து, பெயரை எப்சி என்று மாற்றி, ராஜகீழ்ப்பாக்கம் மார்ச் 11-இல் வைத்தேன்.

மே 2. 2:15. பட்டியல் நகர்ந்தது.

ஜனவரி... பிப்ரவரி... மார்ச்...

2:51.

நின்றது.

நான்கு நொடி. எட்டு நொடி. ஒரு நிமிடம்.

போன் அடித்தது. சிட்டிபாபு.

"சார்... உள்ள ஒரு பொம்பள... சிரிச்சிகினே அழுவுது சார்..."

போனை வைத்துவிட்டேன்.

காலையில் பேக்கப் 50 ஜி.பி. மறுநாள் இரண்டு. தேவானந்தம் "சபாஷ்" என்று மெசேஜ் போட்டார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 9. கிறிஸ்டி போன் செய்தாள்.

"அண்ணா, விஷ்ணுப்ரியான்னு ஒரு பொண்ணு. மார்ச்ல நார்மல். இப்போ தலைவலின்னு வந்திருக்கு. இடது காதுக்கு மேல, பட்டாணி சைஸ். எப்சி மிஸ்ஸுக்கு இருந்த அதே இடம்ணா. மார்ச் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம்... அதுலயும் இருக்கு."

மார்ச் மாதக் கடைசி நகலைத் தனி டிஸ்க்கில் கழற்றி பீரோவில் வைத்திருந்தேன். யாரும் தொட முடியாது. மாட்டி விஷ்ணுப்ரியாவின் படத்தைப் பார்த்தேன்.

அதிலும் இருந்தது.

எப்சி பெயரில் நான் வைத்த படத்தைத் திறந்தேன்.

சுத்தமாக இருந்தது.

அழித்துவிடலாம் என்று கை வைத்தேன். 'அழிக்க முடியாது. இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்றது. யார் என்று பார்த்தேன். ரிசப்ஷன் இரண்டு. மே 2, 2:51-லிருந்து.

சர்வரை அணைத்து எழுப்பினேன். அப்போதும் அதே வரி.

"கிறிஸ்டி, ரிசப்ஷன்ல ரெண்டாவது கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணு. உடனே."

"அதுவா? அதை எடைக்குப் போட்டு ஒரு மாசம் ஆச்சேண்ணா."

விஷ்ணுப்ரியா ஆபரேஷனுக்கு முந்தின நாள் இறந்துபோனாள். கோப்பு இன்றுவரை மூடப்படவில்லை.