புளியில் வெளுத்த ஒன்பது பச்சைக் கற்கள்

"அப்பா, வேணும்னேதான செஞ்சீங்க?"

போன ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் மகள் தர்ஷினி என்னிடம் கேட்டது இது. அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. அறுபத்தெட்டு வயதுக்குள் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கரண்ட் இரண்டு தடவை தூக்கி எறிந்திருக்கிறது. எதற்கும் அசையாதவன் அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனேன்.

முருகனை நம்பி வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூணாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

முதலில் என்னைப் பற்றி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். பதினாலு வயதில் ஒரு வயர்மேனுக்கு ஏணி பிடிக்கப் போனேன். இருபத்தாறு வயதில் சொந்த லாரி, எனக்குக் கீழே எட்டுப் பேர். பினாங்கில் ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் பாதிக்கு நான் இழுத்த கம்பியில்தான் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இன்றைக்கும் என் சட்டைப் பையில் இருக்கும். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. வழிகூடக் கேட்க மாட்டேன். தர்ஷினிக்கு ஏழு வயதிருக்கும்போது தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போனோம். மண்டபம் எங்கே என்று தெரியவில்லை. "இறங்கி யாரையாவது கேளுங்களேன்" என்று என் வீட்டுக்காரி மங்களம் கெஞ்சினாள். மூணு மணி நேரம் ஊரைச் சுற்றினேன், கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் பசியில் அழுத பிள்ளை அதை இன்றுவரை மறக்கவில்லை.

சாமியிடமும் அப்படித்தான். கோயிலுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எதையும் வேண்டிக்கொண்டதில்லை. "நான் நல்லா இருக்கேன் முருகா, நீயும் நல்லா இரு" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

தர்ஷினி கடைசிப் பிள்ளை. கெலுகோர் யுனிவர்சிட்டியில் படித்து முடித்தாள். ஆபீசுக்குப் போவாள் என்று பார்த்தால், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செம்புக் கம்பியும் குறடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்லில் துளை போட மாட்டாள். பசை வைக்க மாட்டாள். மெல்லிசான கம்பியைக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவாள். கொடி தானாகப் படர்ந்து கல்லைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் விரல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொருகும், ஏதோ தண்ணீருக்குள்ளே உட்கார்ந்திருப்பது போல. அவளுக்குத் தெரியாமல்தான் பார்ப்பேன்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. "நான் செம்புக் கம்பியைச் சுவத்துக்குள்ள மறைச்சு ஊருக்கே வெளிச்சம் கொடுத்தேன். நீ அதைக் கழுத்துல தொங்கவிட்டு யாருக்கும்மா வெளிச்சம் கொடுக்கிற?"

"உங்க கம்பி ஷாக் அடிக்கும்பா. என் கம்பி அடிக்காது."

"பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறான்லா. போய்ப் பாரேன்." வாரம் தவறாமல் இதைச் சொல்வேன்.

அந்த ஆவணியில் அவளுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒரு கல்யாணப் பெண், தனக்கும் தன் எட்டுத் தோழிகளுக்கும் ஒன்பது பதக்கம் கேட்டாள். பச்சைக் கல். வெறும் பச்சை இல்லை, உள்ளே வளையம் வளையமாகக் கோடு ஓடும், மயில் தோகையில் கண் இருக்குமே, அது மாதிரி. மாலகைட் என்று பேர். வெளிநாட்டிலிருந்து கல் வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று. "இது மட்டும் சரியா போகலேன்னா நீங்க சொல்ற ஃபேக்டரிக்கே போயிடறேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமையே ஒன்பதையும் முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் பெட்டியும் துணிப்பையும் வாங்க வெளியே போயிருந்தாள். நான் மறுநாள் வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கு தேய்க்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் விளக்குத் தேய்ப்பது நான்தான். புளியும் உப்பும் போட்டு நான் தேய்த்தால் முகம் பார்த்து மீசை வெட்டலாம். மேசையில் அந்தப் பதக்கங்கள் இருந்தன. கம்பியெல்லாம் கறுத்துக் கிடந்தது. பாவம், அவசரத்தில் துடைக்காமல் விட்டிருக்கிறாள், கல்யாண வீட்டுக்குக் கறுப்புச் செம்பைக் கொடுப்பதா என்று நினைத்தேன். ஒன்பதையும் எடுத்துப் புளித் தண்ணீரில் போட்டேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மங்களம்.

"செம்பைப் பத்தி எனக்கா பாடம்?"

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தேன். கம்பி புதுசு மாதிரி பளபளத்தது. கல் செத்துப் போயிருந்தது. பச்சை போய், சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்து, கண் கோடெல்லாம் மங்கி, பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். அந்தக் கறுப்பு அவள் வேண்டுமென்றே ஏற்றியது. அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் செம்பு அப்படிக் கறுக்குமாம். கல்யாணப் பெண் கேட்டதே அந்தப் பழசான தோற்றத்தைத்தான். புளி பட்டால் அந்தக் கல் அரித்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வேணும்னேதான செஞ்சீங்க?

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வாரம் தவறாமல் ஃபேக்டரிக்குப் போ என்று சொன்னவன் நான்தானே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை நான் வைத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

வெளுத்த கல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போனேன். காடியைக் கீழே விட்டு அத்தனை படியும் ஏறினேன். மேலே போனால் நடை சாத்தியிருந்தது. உச்சி நேரம். ஒரு ஆள் இல்லை. மலையில் மேகம் இறங்கி, ஊரும் கடலும் பாலில் கரைந்த மாதிரி மறைந்திருந்தன. சாத்தின கதவுக்கு முன்னால் நின்று முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"முருகா, எனக்குக் கேட்கத் தெரியாது. கல்லு போனாப் போகட்டும். என் பிள்ளை என்னை நம்பணும். அது ஒண்ணுதான் கேக்கிறேன்."

அழுதேன். அம்மா செத்தபோதுகூட ஆள் பார்க்க அழாதவன் நான். தூணில் சாய்ந்து அப்படியே தூங்கியிருக்கிறேன்.

கனவில் மழை பெய்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாத மழை. படியில் தண்ணீர் வழிந்து இறங்குகிறது. ஒரு மயில் என்னைத் தாண்டிப் போகிறது. தோகை முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, தண்ணீர் ஓடுகிற இடத்தில் நின்றது. காலிலிருந்து நிறம் ஏறத் தொடங்கியது. முதலில் நீலம், அப்புறம் பச்சை, அப்புறம் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. நான் எண்ணினேன். எட்டு வந்ததும் அது திரும்பி என்னைப் பார்த்தது. "என்ன?" என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

விழித்தபோது நிஜமாகவே மழை. என் காலெல்லாம் ஈரம். நெஞ்சில் இருந்த பாரம் மட்டும் இல்லை. கேட்டுப் பார் என்று யாரோ முதுகில் தட்டி அனுப்பின மாதிரி கீழே இறங்கினேன்.

அடிவாரத்தில் பூ விற்கிற பெண் ஒருத்தி குடையை விரித்துக்கொண்டிருந்தாள். "பூ வேணுமாண்ணே?"

"பூ வேணாம்மா. ஒண்ணு கேக்கணும்." "வெளுத்துப் போன கல்லுக்கு நிறம் திருப்பிக் கொடுக்கிற ஆள் யாராவது உண்டா?"

"வெளுத்த தலைக்கு மை போடுற ஆளைத்தான்ணே எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துக் கல்லை வாங்கிப் பார்த்தாள். "டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம் மோதிரக் கல்லு விக்கிற பாய் ஒருத்தர் இருக்காரு. எங்க வீட்டுக்காரரு மோதிரக் கல்லை அவர்கிட்டதான் தேய்ச்சு வாங்குவாரு. இடம் தெரியலண்ணே. அங்க போய்க் கேளுங்க."

போய்க் கேளுங்க! என்னிடம்!

கேட்டேன். பழக்கடையில் கேட்டேன். மோட்டார் பட்டறையில் கேட்டேன். சீன மளிகைக்கடை அம்மாவிடம் மலாயில் கேட்டேன். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கிழக்கே கைகாட்ட, இன்னொருவர் மேற்கே கைகாட்டினார். மழையில் நனைந்தபடி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மிதந்து போன மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எல்லாரும் நின்று பதில் சொன்னார்கள். ஐம்பது வருஷம் எதற்காக இதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

ஏழாவது ஆள் காட்டிய கடைவாசலில் யூசுப் பாய் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யாரு ஓய் இதைக் கடிச்சது?"

"புளி, பாய்."

"மீன் கறிக்கு வைக்கிற புளியைக் கல்லுக்கு வச்சியளா? நல்ல சமையல்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மேலாக்கத்தான் வெளுத்திருக்கு. உள்ள பச்சை அப்படியே கிடக்கு. கம்பியைக் கழட்டணும். தண்ணி விட்டுத் தேய்க்கணும். தண்ணிதான் முக்கியம்."

அந்த மயில் நின்றதும் தண்ணீரில்தான். கனவை அவரிடம் சொல்லவில்லை.

கம்பியைக் கழற்ற மகளால்தான் முடியும். என் போனை எடுக்க மாட்டாள். பாய் தன் போனில் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உங்க அத்தா இங்க நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு. கல்லைச் சரி பண்ணலாம்மா. இந்த ரோட்டுல கடை கடையா ஏறி வழி கேட்டு வந்திருக்காரு."

அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு கேட்டது?"

"உங்க அத்தாதாம்மா."

"ஆள் மாறியிருக்கும் பாய். எங்க அப்பா கேக்க மாட்டாரு." அப்புறம், "சட்டைப் பையில டெஸ்டர் செருகியிருக்காரா?"

"செருகியிருக்காரு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் மழைச்சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றாள். கையில் மிச்சம் எட்டும் இருந்த டப்பா.

"எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?"

"ஏழு."

"தைப்பிங்ல ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தா எனக்குப் பாயாசம் கிடைச்சிருக்கும்" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கம்பியை வெட்டத் தொடங்கினாள்.

"வேணும்னு செய்யலம்மா."

"தெரியும்பா" என்றாள், தலையைத் தூக்காமல்.

என் பிரார்த்தனைக்குப் பதில் அதுதான். கல் அப்புறம்தான். பாய் சக்கரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, வெள்ளை கரைந்து பச்சை வந்தது. வளையம் வளையமாக, கனவில் கண் ஒவ்வொன்றாகத் திறந்த மாதிரியே. எட்டுக் கல் பிழைத்தது. ஒன்பதாவதில் விரிசல் வழியாகப் புளி ஆழமாக இறங்கியிருந்தது. அதைத் தொட வேண்டாம் என்றார்.

கல்யாணப் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். தப்பு என் மேல் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எட்டும் தோழிகளுக்கே இருக்கட்டும், எனக்கு வேறு கல் போதும் அங்கிள் என்றாள் அந்தத் தங்கம்.

சனிக்கிழமை முழுக்க எங்கள் மேசையில் வேலை. "கம்பியை நேராக்கித் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன். சரி என்றாள். ஒரு முனையை வாசல் கிரில்லில் கட்டி, துணியால் பிடித்து இழுத்தால் கம்பி வெயில் கதிர் மாதிரி நேராகும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. முட்டையும் நானே அவித்தேன். எத்தனை நிமிஷம் என்று மங்களத்திடம் கேட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பதக்கமும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது அவளுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. ஃபேக்டரி பேச்சை நான் எடுப்பதில்லை. அந்த ஒன்பதாவது கல்லை அவள் எனக்கே கம்பி பின்னிக் கொடுத்தாள். கழுத்தில் போட்டிருக்கிறேன். வெளுத்த கல்லை ஏன் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும் முன், "மேசையில இருக்கிறதைத் தொடலாமாம்மா?" என்று கேட்பேன். "தொடாதீங்கப்பா" என்பாள். அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கும்.

என்னைப் போல நிமிர்ந்தே பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதினேன். கேட்பதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டாம். நடை திறக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நான் கேட்டது சாத்தின கதவிடம்தான். அவன் உள்ளேதான் இருந்தான்.