காவல் வேலைக்கு வந்த பாவக்காய்

1. ஜாகா

“...அதெல்லாம் பாவக்கா உள்ள போய்ப் பாத்துக்கும்லா தங்கச்சி. நீ பேசாம இன்னொரு கரண்டி சோறு போடு. குழம்பு பாஞ்சிர்!”

சொன்னவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலு அண்ணன். பாஞ்சிர் என்றால் வெள்ளம். மலேசியாவில், அதுவும் ஈப்போவில் சோற்றுக்கடை வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். தட்டில் சோறு குழம்பில் மிதக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆ கியோங்கின் காப்பிக்கடைக்குள்தான் என் கடை. டீ, காப்பித் தண்ணி அவன், சோறு நான். செமோர் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கழுவி, மத்தியான ஓட்டத்துக்குப் போவதற்கு முன்னால் வேலு அண்ணன் என்னிடம்தான் சாப்பிடுவார். அவருக்குச் சக்கரை வியாதி. அது கடைக்கே தெரியும், அவரே ஊருக்குச் சொல்வார். கூடவே அதற்கு மருந்தும் சொல்வார்.

“பாவக்கா ஜாகா மாதிரி தங்கச்சி. கேட்டுலயே நின்னு இனிப்ப புடிச்சுரும்.”

ஜாகா என்றால் காவல்காரன். இரண்டு ஜாகா இருந்தால் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக உள்ளே போகலாம் என்பது அவர் கணக்கு. அதனால் பாவக்காய் ஒரு குவியல், சோறு ஒரு மலை. தின்று முடித்ததும் நாக்குக் கசக்குமே, அதற்கு இனிப்புப் பால்டின் கொட்டி நுரைக்க ஆற்றிய டீ, தே தாரிக் ஒன்று.

“கசப்பு அப்படியே நின்னுட்டா புள்ளைங்க மேல எரிஞ்சு விழுவேன்லா” என்பார். பிள்ளைகள் நன்மைக்காகத்தான் அவர் அந்த டீயையே குடித்தார்.

2. சட்டிக்குள் நான் அறிந்த வைத்தியம்

கடை போட ஆசைப்படும் தம்பி தங்கச்சிகளே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போது உங்கள் மெனுவை நீங்கள் போடமாட்டீர்கள், வாட்சப் போடும். ஒரு வாரம் வெண்டைக்காய் ஊறிய தண்ணி. மறு வாரம் வல்லாரை. முருங்கைக்கீரை வாரம் வந்தபோது காப்பிக்கடைக்குப் பின்னால் நின்ற மரத்தில் இலையே இல்லை, கொடிக்கம்பம் மாதிரி நின்றது. ஒரு அக்கா நாள் தவறாமல் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்குவார். கேட்டால், “வீட்டுல வெந்தயம் ஊறுதுலா” என்பார். வீட்டில் ஊறினாலே இங்கே குணம் தெரியும்போல!

கிண்டல் செய்கிறேனே தவிர, நானும் இவற்றைத்தான் சமைக்கிறேன். பாவக்காயை மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறி, கொஞ்ச நேரம் வைத்து லேசாகப் பிழியுங்கள். துணி பிழிவதுபோல் பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும். வெங்காயம் தாராளமாக, நெத்திலி ஒரு பிடி, மஞ்சள், அளவான எண்ணெய். மூடி போடாமல் வதக்குங்கள். கசப்பு போகச் சீனி மட்டும் போடாதீர்கள். திருடனுக்கு ஜாகா உடுப்பு மாட்டிய கதையாகிவிடும்.

முருங்கைக்கீரையைப் பருப்பு வெந்து அடுப்பை அணைக்கப் போகும்போது போட்டால் போதும். முதலிலேயே போட்டால் கறுத்துப்போய், மாட்டுக்கு வைத்ததுபோல் இருக்கும். மீன் குழம்புக்கு வெந்தயம் தாளித்தால் பொன்னிறத்தில் நிறுத்துங்கள். கறுத்தால் அன்றைய குழம்பை நீங்களே குடிக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் என்ன செய்யும்? கீரையில் நார் இருக்கிறது, பருப்பு வயிற்றை நிரப்பும். வயிறு நிறைந்தால் கை அடுத்த கரண்டி சோற்றைத் தேடாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் இங்கே முடிகிறது. மற்றது கிளினிக்கில்.

3. அண்ணி வந்தார்

ஒருநாள் வேலு அண்ணன் போன பிறகு அவர் மனைவி லட்சுமி அண்ணி வந்தார். உட்காரக்கூட இல்லை.

“உங்கண்ணன் கிளினிக் மாத்திரைய எங்க வச்சிருக்காரு தெரியுமா? பஸ்ல, சாமி படத்துக்குப் பின்னாடி. சாமிக்குச் சக்கரையாம்!”

சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுபோனது.

“போன வாரம் கண்ணு மங்குதுன்னு பஸ்ஸ ஓரங்கட்டி நிறுத்தியிருக்காரு. பின்னாடி பூரா புள்ளைங்க. அடுத்த மாசம் லைசன்சுக்கு மெடிக்கல். இப்படியே போனா டாக்டர் கையெழுத்துப் போடமாட்டாரு. பஸ் நின்னா எங்களுக்கு வேற என்னா இருக்கு? நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாரு. நீதான் ஏதாச்சும் பண்ணணும்.”

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நாலு பேர் பார்க்க ஒருவர் தட்டைக் குறை சொல்லக் கூடாது. “உங்களுக்குச் சக்கரை, போதும்ணே” என்று நான் சத்தமாகச் சொன்னால், வீம்புக்கே பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு தட்டுச் சாப்பிடுவார். அதனால் நானும் ஆ கியோங்கும் கூட்டுச் சேர்ந்தோம்.

4. சோறு வேகாத கடை

மறுநாள் வேலு அண்ணன் உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் முருங்கைப் பருப்பும், ஒரு துண்டு மீனும், பாவக்காயும் வைத்தேன்.

“சோறு எங்க?”

“வெந்துக்கிட்டு இருக்குண்ணே. மொதல்ல இத சாப்பிடுங்க.”

பசியில் எல்லாவற்றையும் காலி செய்தார். அதன் பிறகு சோறு வந்தது, பாதி அளவில். வயிறு நிறைந்திருந்ததால் சண்டைக்கு வரவில்லை. டீ கேட்டார்.

“சூசூ ஹாபிஸ்!” என்றான் ஆ கியோங். பால் தீர்ந்துவிட்டதாம். பின்னால் பால்டின் அட்டைப்பெட்டி அவன் தலை உயரத்துக்கு நின்றது. கோப்பி ஓ கோசோங், அதாவது சீனியில்லாத கடுங்காப்பி, அண்ணன் முன்னால் வந்தது.

சில நாள் ஓடியது. பிறகு ஒருநாள், பக்கத்து மேசையில் இன்னொரு பஸ் டிரைவர் மணி சோறும் கறியுமாக வெளுத்துக் கட்டுவதை அண்ணன் பார்த்துவிட்டார்.

“ஏன் தங்கச்சி, அவன் திங்கிறது என்னா, நேத்து சோறா? ஈப்போவுலயே எனக்கு மட்டும் சோறு வேகாத கடை இதுதான்லா!”

மேசைகள் எல்லாம் சிரித்தன. நான் அவரைத் தட்டுக் கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்.

“அண்ணி வந்தாங்கண்ணே. மாத்திரைய நிறுத்தாதீங்க. அந்தப் பாவக்கா என் சட்டியில வெந்தது, அதோட வீரம் எனக்குத் தெரியும். மிஞ்சினத பூனைகூட மோந்து பாக்கல. அத நம்பியா புள்ளைங்கள ஏத்துறீங்க?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “சோறு விக்கிறவ சோத்த வில்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. மணியும் மற்ற டிரைவர்களும்கூட வரவில்லை. டிரைவர் மேசை காலியாகக் கிடந்தது. “நீ கடைக்காரியா, டாக்டரா?” என்று ஆ கியோங் கேட்டான். பால் தீர்ந்ததாகச் சொன்னவன் தான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டான்.

5. கையெழுத்து

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சக்கரை அடங்கிய பிறகு வரச் சொல்லிவிட்டார். அதுவரை பஸ்ஸை வேறு ஆள் ஓட்டினான். அண்ணி வந்துதான் சொன்னார்.

“உங்கண்ணன் வீட்டு கேட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அவன் பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம சாக்கடைக் காணோரத்துல இடிச்சான். நம்ம புள்ளைங்க ஜன்னல்ல இவருக்குக் கைய காட்டுதுங்க. உள்ள வந்து மாத்திரை எங்கன்னு கேட்டாரு. பஸ்லேருந்து நான் எடுத்து வச்சிருந்தத குடுத்தேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு பொட்டலம் கட்டு. பருப்பு நிறைய, மீனு, சோறு கொஞ்சம். யாருக்குன்னு சொல்லக் கூடாதுன்னாரு.”

நானும் யாருக்கு என்று கேட்கவில்லை. பல நாள் அந்தப் பெயரில்லாத பொட்டலம் போனது.

இதில் நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தட்டில் நாம் கை வைக்கலாம், அவருடைய வீம்பில் கை வைக்கக் கூடாது. கீரையும் பருப்பும் அவர் உடம்புக்கு உதவும். நமக்குப் புகழ் வாங்கித் தர அவை பிறக்கவில்லை. குணமானதற்கு ஒருவர் யாருக்கு மாலை போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அடுப்பில் இருப்பது அடிப்பிடிக்கும்.

இரண்டாவது முறை டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்றே வேலு அண்ணன் மொத்த டிரைவர் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஒன்றும் கேட்காமல் பருப்பு, மீன், பாவக்காய், பாதிச் சோறு வைத்தேன். அவர் மணியின் முதுகில் ஒரு அடி போட்டுக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“பாவக்காதான் மச்சான்! வேற ஒண்ணுமே இல்ல. அதோட பவர் அப்படி!”

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கோசோங் காப்பியில் விழுங்கினார். பிறகு தன் தட்டிலிருந்த பாவக்காயை ஒரு துண்டு விடாமல் பொறுக்கி மணியின் தட்டில் போட்டார்.