லிங்கம் அண்ணன் காட்டிய காது

வயிற்றைக் கிழிக்காமல் பித்தக் குழாயைக் குடலோடு இணைக்க முடியாதா? 1984இல் லிங்கம் அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அவர் திருவனந்தபுரம் தம்பானூரில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர். காது குத்தப் பயந்த மகளின் காது மடலில், இருபுறமும் ஸ்பீக்கர் காந்தத் துண்டுகளைக் கவ்வவிட்டிருந்தார். பத்து நாளில் நடுவில் நசுங்கிய சதை கருகி உதிர்ந்து, ஓரம் ஆறிய துளை விழுந்தது.

பிறகு அவர் மனைவி மாடம்மாள் மதினிக்குப் பித்தக் குழாய் அடைத்து மஞ்சள் காமாலை முற்றியது. வயிற்றைத் திறந்து குழாயைக் குடலோடு இணைக்க வேண்டும், ஆனால் உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். நானும் போனேன்.

"சாரே, இவ காதப் பாருங்க. குழாயில ஒரு காந்தம், குடல்ல ஒண்ணு வெச்சா இதுமாதிரி வழி விழாதா?"

"எடோ, இது ஸ்பீக்கர் இல்லடோ, வயிறாக்கும்!" டாக்டர் சிரித்தார். காதைப் பார்க்கவே இல்லை.

மதினி அந்த மாதமே இறந்துவிட்டார்.

வெளிநாட்டில் காந்தத்தால் பித்தக் குழாயையும் குடலையும் இணைக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன். மதினி பிழைத்திருப்பாரா, தெரியாது. முடியாதென்றால் காரணம் சொல்லியிருக்கலாமே, சிரித்தது எதற்கு? மருத்துவம் படிக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.