அதே பெயர், வேறு ரூபன்

அவிநாசியில் பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டும் ரூபனின் வண்டியில் போன ஜூன் மாதம் ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகள் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வேனில் வரும் ஹர்ஷிணியின் அம்மா லாஸ்யா மட்டும் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து போனை நீட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாத்தீங்களா?"

'சிறுமியிடம் அத்துமீறல்: பள்ளி வேன் டிரைவர் ரூபன் கைது.' தலைப்பில் ஊர் இல்லை, படம் இல்லை.

"சத்தியமா நானில்லீங்க அம்மணி."

"தெரியுமுங்க. உள்ள போய்ப் படிச்சேன். அந்தாளுக்கு அம்பத்திரண்டு வயசு, எங்கயோ வடக்க. வேற தேடுபொறில உங்க பேரப் போட்டுத் தேடுனா இந்தச் செய்தி மூணாம் பக்கத்துல கெடக்குது. எல்லாரும் தேடற இதுல மொதல்ல வந்து நிக்குது."

லாஸ்யா கோவையில் இணையதளம் செய்து தரும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தேடுபொறி முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்த வார்த்தை எங்கே இருக்கிறதென்று குறித்து வைத்திருக்கும். எதை மேலே காட்டுவதென்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு என்றாள். "ரூபன்ங்கற பேருதானுங்க அதுக்குத் தெரியும். எந்த ரூபன்னு தெரியாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு நடை முடிந்ததும் அவன் தன் பெயரைத் தானே தேடினான். மனைவி கிருபா பதறினாள். "நீங்களே தொட்டுத் தொட்டுப் பாத்தா இன்னும் மேல ஏறிரப் போவுதுங்க!"

ஒருவர் தொட்டு ஏறாது என்றாள் லாஸ்யா. ஊரே தொட்டால் என்று கேட்டான் ரூபன். ஏறலாம் என்றாள். பேக்கரியில் யாராவது போனைக் குனிந்து பார்த்தாலே ரூபன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ரூபனும் லாஸ்யாவும் சேர்ந்து அந்தச் செய்தித் தளத்துக்கு எழுதினார்கள். ஒன்பதாம் நாள் தளத்துக்காரர்கள் தலைப்பிலேயே ஊரும் வயதும் சேர்த்தார்கள். ஆனால் தேடினால் பழைய வரிதான் வந்தது.

"அவங்க மாத்திப்போட்டாங்களே, இது ஏனுங்க மாறல?"

"தேடுபொறி மறுபடி வந்து அந்தப் பக்கத்தப் படிக்கோணுமுங்க. அதுவரைக்கும் பழசத்தான் காட்டும்."

ஒரு தேடுபொறியில் மூன்று நாளில் மாறியது. ஊரில் எல்லோரும் பார்ப்பதில் மாற இரண்டரை வாரம் ஆனது. மூன்று குழந்தைகள் திரும்பினார்கள். நான்காவது பையனின் அப்பா, "வேற வேன் பேசிப்போட்டோமுங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

போன வாரம் ஒரு தம்பதி மகளை வேனில் சேர்க்க வந்தார்கள். ரூபனே முந்திக்கொண்டான். "என் பேரப் போட்டுத் தேடிப் பாருங்க. தலைப்போட நிறுத்தாம உள்ள போய்ப் படிங்க."

அவர்கள் படித்து முடிக்கும்வரை வேன் கதவைப் பிடித்தபடி நின்றான்.