காக்கா இறங்காத காடு

கிள்ளான்ல காக்காய்க்குப் பஞ்சமே கிடையாது. பாசார் பக்கம் காரை நிப்பாட்டிட்டு மீன் வாங்கித் திரும்பி வரதுக்குள்ள கண்ணாடி வெள்ளையாயிரும். எங்க தாமான் குடியிருப்புல சாயங்காலம் ஆனா மின்கம்பி முழுக்க அதுங்கதான். மாமனார் திதி, மாமியார் திதின்னு இத்தன வருஷத்துல நான் எவ்வளவோ சோறு வெச்சிருக்கேன். இலையை மதில் மேல வெச்சிட்டுக் கையை எடுக்குறதுக்குள்ள ஒண்ணு வந்து கொத்திரும். காக்கா தொட்டாத்தான் வீட்டுல மத்தவங்க சாப்பிடணும்ங்கிறது எங்க வழக்கம். அதுக்காக நாங்க பசியோட காத்துக் கெடந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. காக்கா வராம போயிருமோன்னு ஒரு நாளும் நெனச்சதும் இல்ல.

எங்க மூத்தவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன எடம் கேல்கரி. படிச்சான், அங்கயே வேலை கிடைச்சது, அங்கயே இருந்துட்டான். எங்க வீட்டுக்காரர் போர்ட் கிள்ளான்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. மகன் திரும்பி வந்து பக்கத்துல இருப்பான்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு போல. வாயத் திறந்து சொன்னாத்தானே யாருக்கும் தெரியும். மகன் போன் பண்ணி, "பி.ஆர் கிடைச்சிருச்சுப்பா, இனி இங்கயே இருக்கலாம்"ன்னு சந்தோஷமாச் சொன்னப்ப, "அப்ப அங்கயே இரு"ன்னு போனை என் கையில குடுத்தாரு. அதுக்கப்புறம் அவன்கிட்டப் பேசவே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஆனா போன் வரும். "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"ன்னு கேப்பான். நான் அவரைப் பாப்பேன், அவரு டிவி சத்தத்தைக் கூட்டுவாரு. கல்லுளிமங்கன்னு நான் அவரைத் திட்டாத நாள் இல்ல. ஆனா அவனும் விடல. வருஷா வருஷம் அதே பாட்டுத்தான். "வாங்கம்மா, ஒரு கேம்பர் வேன் எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் போவோம். வேன்லயே அடுப்பு, வேன்லயே கட்டில். நெனச்ச எடத்துல நிப்பாட்டிச் சமைச்சுச் சாப்பிடலாம். அப்பாவுக்குத்தான் பெரிய வண்டியெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே, அவரே ஓட்டட்டும்லா." நான் இதை வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "நீ போயிட்டு வா"ம்பாரு. அதோட முடிஞ்சது பேச்சு.

போகாமலே இருந்தோம். ஒரு ஜூன் மாசம் ராத்திரி தூங்கப் போன பிள்ளை எந்திரிக்கல. இதயம்னாங்க. முப்பதைத் தாண்டி ரெண்டு மூணு வயசுதான் ஆகியிருந்தது. பெட்டியில வந்து இறங்கினான். வீட்டுக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் ஒழுங்காச் செஞ்சாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பெத்தது நீயும்தானேன்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல.

வருஷத் திதி நெருங்குறப்ப ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு, "இந்தத் திதிய அங்க போயி வெக்கணும்."

"எங்க?"

"அவன் கூப்பிட்ட எடத்துல."

உயிரோட கூப்பிட்டப்ப போகாத மனுஷன் இப்ப எதுக்குப் போகணும்னு வாய்க்கு வந்தபடி கேட்டேன். கடைசில, "அவன் என் மேல கோவமா இருக்கானான்னு எனக்குத் தெரியணும். அங்க வெச்ச சோத்தை எடுத்தான்னா போதும்"னாரு. எங்க மக, சின்னவ, லீவு போட்டு வண்டி ஓட்ட வரேன்னா. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போயி ஊதுபத்தி, கற்பூரம், விபூதியெல்லாம் வாங்கினோம். நெத்திலியும் மசாலாத்தூளும் வீட்டுலேர்ந்தே கட்டி எடுத்துக்கிட்டேன்.

கேல்கரில வேனை எடுத்தோம். அங்க எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும். சின்னவ ஒவ்வொரு வளைவுலயும் சிக்னல் போடுறதா நெனச்சு வைப்பரைப் போட்டுவிடுவா. காஞ்ச கண்ணாடியில அது கரக்கரக்குன்னு தேய்க்கும். வேற நேரமா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம். வீட்டுக்காரர் முன் சீட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாரு. அண்ணன் சொல்லி வெச்சிருந்த வழியிலதான் போறோம்னு அவ சொன்னப்ப மட்டும் தலையை ஆட்டுனாரு.

அழகு இல்லன்னு சொல்ல மாட்டேன். மலை, பனி, பச்சைச் சாயம் கரைச்சு விட்ட மாதிரி ஏரி. ஆனா அழகை ரசிக்கிற மனசு வேணுமே. மேற்க போயி, அப்புறம் வடக்க திரும்பினா, மணிக்கணக்காக் காடு எரிஞ்சு கெடக்கு. இலை இல்லாம, பட்டை இல்லாம, கரிக்குச்சியா நிக்கிது. எங்கயோ இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருந்ததால வேனுக்குள்ளயும் புகை வாசம். போன்ல லைன் கிடையாது. எதிர்ல ஒரு லோரி வந்தா, அப்பாடா, மனுஷன்னு இருக்கும். இந்த அத்துவானத்துல இந்தப் பிள்ளை என்னத்தக் கண்டான்னு எனக்கு அவன் மேலயே கோவம் வந்துச்சு.

திதிக்கு முதல் நாள் ஆத்தோரமா ஒரு கேம்ப் எடத்துல போயி நின்னோம். அங்க காவலுக்கு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, யூனிபார்ம் போட்டிருந்தா. கரடி நடமாடுற எடம், ஒரு பருக்கை கூட வெளியில இருக்கக் கூடாது, பாத்திரம் கழுவுன தண்ணியக் கூட கண்ட எடத்துல ஊத்தாதீங்க, சாப்பாடெல்லாம் வேனுக்குள்ள, இல்லன்னா இந்த இரும்புப் பெட்டிக்குள்ளன்னு நிதானமாச் சொன்னா. எங்களுக்கும் இங்கிலீஷ் புரியும். சின்னவ இன்னொரு தடவ தமிழ்ல சொன்னா. வீட்டுக்காரர், "ம், ம்"னாரு.

மறுநாள் வேன் அடுப்புல சமைச்சேன். கோழிப் பெரட்டல், நெத்திலி சம்பல், அவனுக்குப் பிடிச்ச முட்டை. கேல்கரி இந்தியக் கடையில ஐஸ்ல வெச்சு வித்த வாழை இலை ஒண்ணு வாங்கி வெச்சிருந்தோம். அதுல பரிமாறி, ஆத்தோரப் பாறை மேல வெச்சு, கற்பூரம் காட்டினோம். மூணு பேரும் பக்கத்துலயே நிக்கணும், காக்கா எடுத்ததும் மீதியை உள்ள கொண்டு வந்துடணும்னு சின்னவ முன்கூட்டியே சொல்லிட்டா.

காக்கா வரல. வீட்டுக்காரர் வாயில கையை வெச்சு, "கா, கா"ன்னு கூப்பிட்டாரு. கிள்ளான்ல யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் பாத்ததே இல்ல. பக்கத்து வேன்காரங்க எட்டிப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நீலக் கலர்ல, தலையில கொண்டை வெச்ச குருவி ஒண்ணு வந்து சோத்துப் பக்கம் குதிச்சுது. துண்டை வீசி விரட்டிட்டாரு.

"எதுவா இருந்தா என்னங்க, சாப்பிட்டுப் போகட்டுமே."

"அது காக்கா இல்ல."

மத்தியானத்துக்கு மேல, பட்டுப்போன மரத்து உச்சியில பெருசா கருப்பு ஒண்ணு வந்து உக்காந்துச்சு. நம்ம காக்காயை விட ரெண்டு பங்கு. தொண்டையில எதுவோ சிக்கின மாதிரி ஒரு சத்தம் குடுத்துச்சு. எங்களைப் பாத்துச்சு, இலையைப் பாத்துச்சு. இறங்கவே இல்ல. அப்புறம் பறந்து போயிருச்சு. வீட்டுக்காரர் அது போன பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பத்தான் அந்த மனுஷனைப் பாத்து எனக்கு மொத மொதலா பாவமா இருந்துச்சு.

வெயில் தாழ்ந்ததும் சின்னவ, "போதும்பா, ரூல்ஸ்பா"ன்னு இலையோட எடுத்துக்கிட்டுப் போயி இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டினா. நானும் அவளும் சாப்பிட்டோம். மாத்திரை போடணும், எத்தன நேரம்தான் இருக்கிறது. அவரு தண்ணியத் தவிர எதையும் தொடல. இனிப்பு நீர், சக்கரை வியாதி உள்ள ஆளு, மயங்கி விழுந்தா இந்தக் காட்டுல எவன் தூக்குறதுன்னு கத்தினேன். "நீ சாப்பிடு"ன்னுட்டுப் போயி படுத்துட்டாரு.

காலையில முழிச்சுப் பாத்தா படுக்கையில ஆளைக் காணோம். பதறி அடிச்சு வெளிய வந்தேன். ஆத்துப் பக்கம் இருந்து வந்துக்கிட்டு இருந்தாரு, கையெல்லாம் ஈரம். முகம் அப்படி ஒரு தெளிவு.

"எடுத்துக்கிட்டான்"னாரு.

அந்தப் பெரிய காக்காதான் வந்திருக்குன்னு நெனச்சேன். அங்கயே உக்காந்து அழுதுட்டேன். ரொட்டியில சம்பல் தடவிக் குடுத்தேன், வாங்கி வாங்கிச் சாப்பிட்டாரு. இலை எங்கன்னு சின்னவ கேட்டா, ஆத்துல விட்டுட்டேன்னாரு. அன்னிக்கு முழுக்க மகனைப் பத்தித்தான் பேச்சு. சின்ன வயசுல போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது, கிரேன் மேல ஏறணும்னு அழுதது, பள்ளிக்கூடத்துல முட்டிய உடைச்சுக்கிட்டு வந்தது. அவன் பேரை அவரு வாயில கேட்டு எத்தன காலம் ஆச்சு. இந்தப் பயணத்துல நல்ல நாள்னு ஒண்ணு இருந்தா அது அன்னிக்குத்தான்.

சாயங்காலம் கூடாரங்கள் போட்டிருந்த பக்கம் ஒரே கூச்சல். ஒரு குடும்பம் பிள்ளைங்களோட மேசையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, கரடி நேரா மேசைக்கே வந்துருச்சு. அவங்க ஓடிப் போயி காருக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா தட்டைத் தட்டினா, ஹார்ன் அடிச்சா அது பயப்படவே இல்லையாம். எல்லாத்தையும் தின்னுட்டு, கூடாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, மெதுவா நடந்து போச்சாம்.

மறுநாள் காலையில அந்தக் காவல்காரப் பொண்ணு ஒவ்வொரு வேனா வந்தா. கையில ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள கிழிஞ்ச வாழை இலைத் துண்டு, நெத்திலி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரர் எந்திரிச்சு நின்னு, "என்னோடதுதான்"னாரு. ஏன் வெச்சீங்கன்னு கேட்டா. அவருக்குத் தெரிஞ்ச போர்ட் இங்கிலீஷ்ல சொன்னாரு: என் மகன், செத்துட்டான், அவனுக்குச் சாப்பாடு, பறவை வரணும். அந்தப் பொண்ணு தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு முழுசாக் கேட்டா. வருத்தமா இருக்குன்னா. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அந்தக் கரடியைப் பிடிச்சு எங்க கொண்டு போயி விடுவீங்க?"ன்னு கேட்டாரு.

"விட மாட்டோம் சார். மனுஷங்க சாப்பாட்டுல ருசி கண்டுருச்சுன்னா அது திரும்பத் திரும்ப வரும். இன்னிக்குள்ள முடிச்சாகணும்."

அவ அடுத்த வேனுக்குப் போனதும்தான் எங்ககிட்டச் சொன்னாரு. விடிஞ்சதும் பெட்டியத் திறந்து இலையை அதே பாறை மேல வெச்சிருக்காரு. கை கழுவிட்டு நிமிந்து பாத்தா கரடி. ஓடவும் இல்ல, கத்தவும் இல்ல. "கோழியத் தள்ளி வெச்சுட்டு மொதல்ல நெத்திலியப் பொறுக்கிப் பொறுக்கித் தின்னுச்சு. அவன் அப்படித்தானே திம்பான். தின்னு முடிச்சு என்னய நிமிந்து பாத்துச்சு"ன்னாரு. சின்னவ ஸ்டியரிங் மேல தலையைக் கவுத்துக்கிட்டா. கரடின்னா தின்னத்தான் செய்யும்னு நான் சொல்லியிருக்கணும்.

எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வேன்கள் வரிசையா கேட் தாண்டிப் போகுது. நாங்க மெயின் ரோட்டுல ஏறுறப்ப வெடிச்சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. சின்னவ பயந்ததுல கை பட்டு வைப்பர் ஓட ஆரம்பிச்சிருச்சு. யாரும் அதை நிப்பாட்டல.

"இத்தன நாளு பேசாம இருந்து கடைசில கூப்பிட்டேன்"னாரு வீட்டுக்காரர். "கூப்பிட்ட உடனே வந்தான். வயிறாரச் சாப்பிட்டான். அதுக்குத்தான் சுட்டுட்டாங்க."

அப்பத்தான் அழுதாரு. பெட்டியில வந்து இறங்குனப்ப அழாத மனுஷன், எரிஞ்ச காடு முடியிற வரைக்கும் அழுதாரு. நான் பின் சீட்டுலேர்ந்து அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். மீதி வழிய யாரும் பாக்கல. வேனைச் சொன்ன நாளைக்கு முன்னாடியே ஒப்படைச்சுட்டு ஊர் வந்து சேந்தோம்.

இந்த வருஷத் திதி கிள்ளான்லதான். அதே சமையல்தான் செஞ்சேன். படையல் வைக்க அவரு வரல, "நீயே வை"ன்னுட்டு ஹால்ல உக்காந்துட்டாரு. மதில் மேல இலையை வெச்சுக் கையை எடுக்கல, கம்பியில இருந்து மொத்தமா இறங்கிருச்சுங்க. சம்பலு, முட்டை, கோழின்னு அடிச்சுப் பிடிச்சுத் தின்னுதுங்க. மனசு கேக்காம உள்ள ஓடி வந்து, "என்னங்க, காக்கா எடுத்துருச்சு, வந்து பாருங்க"ன்னேன்.

டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாரு, "அது எல்லாருக்கும் வரும்லா."