காஜா பெராங்கில் ஒரு லோரி வீடு

சிரம்பானில் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே எனக்கு அலுத்துவிட்டது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குப் பிறகு முதல் போகி அன்று. ஊரில் உள்ளவர்களெல்லாம் வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருக்க, நான் வீடு தேடிப் புறப்பட்டிருந்தேன். அதுவும் சக்கரம் வைத்த வீடு.

நான் படம் பிடிக்கிறவன். தோட்டம் தோட்டமாகப் போய், ஒரு மூங்கில் தட்டியில் துணியைக் கட்டி, அதன் முன்னால் ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பேன். படச்சுருளைக் கழுவுவது என் மனைவி கமலம். நாங்கள் இருந்த அறையைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பின்பக்கம் மரக்கூடு கட்டிய பழைய லோரி ஒன்று கிடைத்தால் படுக்க இடமும் ஆயிற்று, படம் கழுவ இருட்டறையும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். கோலாலம்பூரில் ஒன்றைப் பார்த்தேன், அடிச்சட்டம் விரிசல் விட்டிருந்தது. காஜாங்கில் ஒன்று, ஏறி நின்றதும் பலகை உடைந்து முழங்கால்வரை உள்ளே போய்விட்டேன். அந்த முழங்கால் இன்னும் வலிக்கிறது.

நாகப்பட்டினத்தில் இருக்கும் கமலத்தின் அண்ணன், "இனி அங்கே என்ன இருக்கிறது, வந்துவிடு" என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். அவளும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்தத் தடவையும் இஞ்சின் சரியில்ல, பலகை சரியில்லன்னு வந்து நின்னீங்கன்னா, எனக்குக் கப்பல்தான் சரி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு ஐம்பது மைல் சொச்சம். வழியில் தம்பினில் பஸ் நெடுநேரம் நின்றது. என் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அங்கே லோரி ஒன்று விலைக்கு இருக்கிறது என்று சிரம்பான் டயர்க் கடைக்காரர் ஒருவர் எனக்குக் கொடுத்திருந்த விலாசம் அவ்வளவுதான். செட்டி என்றதும் வட்டிக்கடை, பெட்டியடி, நெற்றி நிறையத் திருநீறு என்று எண்ணி, நானும் பட்டையாகப் பூசிக்கொண்டு வந்திருந்தேன். செட்டியாரிடம் பேரம் பேச வேண்டுமே.

ராவுத்தர் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "அவங்க நீங்க நெனைக்கிற செட்டி இல்ல லா. மலாக்காச் செட்டி. சாமி உங்க சாமி, பேரு உங்க பேரு, பேச்சு மட்டும் மலாய். நானூறு அஞ்சூறு வருசமா இங்கேயே இருக்காங்க. தமிழ்ல பேசிப் பாருங்க, அப்பத் தெரியும்."

மலாக்காவில் இறங்கியபோது பத்தரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. காஜா பெராங்குக்கு மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டும் பெச்சாக்காரர் அறுபது காசு கேட்டார், ஐம்பதுக்கு இறங்கினார். மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய், தந்திக் கம்பங்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே முருகன் படம். வாசலுக்கு வந்த வீட்டுக்காரர் கனகசபைக்கு ஐம்பது வயதிருக்கும், சாரோங் கட்டியிருந்தார். "வணக்கம்" என்றேன். "மாசோக், தம்பி, மாசோக்" என்று உள்ளே அழைத்தார். தம்பி என்ற சொல்லோடு அவர் தமிழ் தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் பேச வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

லோரி மாமர நிழலில் நின்றது. இராணுவம் ஏலம் விட்ட பழைய வண்டி. பின்னால் சிறிய மரக்கூடு. மேலே தார் பூசிய தகரம். நாலு போல்ட்டைக் கழற்றினால் கூட்டைத் தனியே இறக்கிவிடலாம். அவருடைய மச்சினர், மனைவியின் தம்பி, தையல் மெஷின் பழுது பார்ப்பவராம். கம்பம் கம்பமாக, கிராமம் கிராமமாகச் சுற்றி, இதிலேயே படுத்து எழுந்தவர், போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாராம். விலை தொள்ளாயிரம் வெள்ளி என்றார். எழுநூற்றைம்பதுக்கு மேல் கொடுப்பதில்லை என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில் இஞ்சின் மூடியில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வண்டியின் குணம் தெரியாது. அவரே கம்பியைப் போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் இருமிக்கொண்டு கிளம்பியது. புகை வெள்ளைதான். டயர் இரண்டு நல்லது, இரண்டு சுமார். அடியில் படுத்துப் பார்த்தேன். சட்டத்தில் துரு இருந்தது, விரிசல் இல்லை. எழுந்திருப்பதற்குள் முழங்கால் உயிரை வாங்கிவிட்டது.

கூட்டுக் கதவின் பக்கம் போனேன். கனகசபை கையை உயர்த்தி, கூட்டைக் காட்டி, "பர்ச்சு டூலு, தம்பி. பர்ச்சு டூலு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

டூலு என்றால் முதலில் என்று எனக்குத் தெரியும். பர்ச்சு? 'பார்த்து' என்பதைத்தான் பாவம் இப்படிக் கடித்துத் துப்புகிறார் என்று எண்ணினேன். முதலில் பார், பிறகு பேசலாம் என்கிறார். நல்ல மனிதர். கதவைத் திறந்து ஏறினேன்.

கூடு பார்க்க எனக்கென்று ஒரு வழி உண்டு. உள்ளே போய்க் கதவை இறுகச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் மழை வரும். படச்சுருளுக்கும் ஆகாது, பாய்க்கும் ஆகாது. கடைக்கோடியில் படுக்கைப் பலகையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அதை அப்புறம் பார்க்கலாம் என்று கதவோரப் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

இடப்பக்க மூலையில் வெளிச்சம் கீறலாகத் தெரிந்தது. சாவியால் குத்தினேன், பலகை ரொட்டிபோல் உள்வாங்கியது. அந்த மூலை உளுத்துப்போயிருந்தது. மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. எங்கிருந்தோ தேங்காய்ப்பால் சோறும் மிளகாய் அரைத்த சம்பாலும் மணத்தன. அடுத்த வீட்டுச் சமையல் என்று நினைத்தேன். காலையில் ஒரு கோப்பி குடித்ததுதான். எழுந்து போய்ப் பேரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். உடம்பு கேட்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதவில் ஓர் ஆணி ஓட்டை. அதன் வழியே வந்த வெளிச்சம் எதிரே தொங்கிய வெள்ளைத் துணியில் விழுந்தது. மாமரம் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு இது புதிதல்ல. காமிராவின் கண்ணாடியில் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தே பிழைக்கிறவன். கெபாயாச் சட்டை உடுத்த ஒரு பெண் தலைகீழாக நடந்து வந்தாள். கதவை மூன்று முறை தட்டினாள். நான் வாய் திறக்குமுன் கதவு திறந்தது.

இருட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவள் கத்தவில்லை. கைப்பிடியை விடாமல் நின்றாள். பிறகு, தூங்கி எழுந்த தம்பியைக் கேட்பது போல, மெல்ல, "சுடா மாக்கான்?" என்றாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

"பெலும், காக்" என்றேன். இன்னும் இல்லை, அக்கா.

அவள் கைப்பிடியை விட்டாள். பின்னால் ஓடி வந்த கனகசபை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார். பலகையில் வாழையிலை, இலையில் சோறு, சம்பால், பொரித்த மீன், பலகாரம், பக்கத்தில் கோப்பியும் ஒரு சிகரெட்டும். செத்துப்போன உறவுகளுக்குப் போகி அன்று சாப்பாடு வைத்துவிட்டு, வெளியே காத்திருந்து, மூன்று முறை தட்டிக் கதவைத் திறப்பது அவர்கள் வழக்கம். அதன் பேர்தான் பர்ச்சு. படைச்சு என்ற நம் சொல்தான் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. படைத்து முடியட்டும், பிறகு பார் என்றிருக்கிறார். நான் தமிழன் என்ற மிதப்பில் அவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டி, படையலுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

"எல்லாருக்கும் வீட்டுக்குள்ளதான் வைக்கிறோம்" என்றார் கனகசபை. "இந்த மச்சினன் மட்டும் வீட்டில உட்கார்ந்து சாப்பிட்டதே இல்ல. அதனால இங்க."

நான் மன்னிப்புக் கேட்டு இறங்கப் போனேன். கதவைத் திறந்த அந்தப் பெண், அவர் மனைவி லெட்சுமி, விடவில்லை. "இன்னும் சாப்பிடலன்னு சொல்லிட்டே. அப்புறம் எப்படிப் போவே? உட்காரு" என்றாள். அந்த இலையிலேயே சாப்பிட்டேன். அவள் கதவோரம் நின்று கடைசிக் கவளம்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பால் காரத்தில் கண்ணீர் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உண்ட கையோடு பேரம் வரவில்லை. அந்த மூலை உளுத்திருக்கிறது என்று மட்டும் முனகினேன்.

"தெரியும்" என்றார் கனகசபை. "மழை பெஞ்சா அவன் அங்க ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் வைப்பான்."

லெட்சுமி குறுக்கே புகுந்து, விலையில் ஒரு காசும் குறைக்க முடியாது என்றாள். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்: "வருசா வருசம் இந்த நாள்ல வண்டி இங்க வந்து நிக்கணும். நான் எங்க போய் இலை போடுறது?"

தொள்ளாயிரத்தையும் கொடுத்தேன். பேர் மாற்றுவதற்கு அடுத்த வாரம் சிரம்பானுக்கே வருவதாகக் கனகசபை சொன்னார். நான் ஏறி உட்கார்ந்ததும் லெட்சுமி ஜன்னலருகே வந்து, "உன் சம்சாரம் காரம் சாப்பிடுவாளா?" என்று கேட்டாள். சாப்பிடுவாள் என்றேன். வண்டியை எடுத்த பிறகுதான், பிரேக்கைச் சோதிக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. நல்லவேளை, பிடித்தது.

மறுநாள் பொங்கல். காலையில் கமலம் லோரியைச் சுற்றி வந்தாள். கூட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.  நான் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இடப்பக்கம் ஒழுகுமே" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒழுகும்."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"அடுத்த போகிக்கு நம்ம ரெண்டு பேரும் மலாக்காவுக்குப் போகணும். அங்க நமக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."

கதவு திறந்தது. காத்திருப்பது யார் என்று அவள் கேட்கவில்லை. கூட்டின் கதவோரப் பெட்டிக்குப் பின்னாலிருந்த பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை அவளாகவே தேடி எடுத்து, அந்த மூலைக்கு அடியில் வைத்தாள். பிறகு இறங்கி அறைக்குப் போய், கப்பலுக்கென்று கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கி வந்து, கூட்டுக்குள் நனையாத பக்கமாகப் பார்த்துத் தள்ளி வைத்தாள்.