எங்கள் தோட்டத்துப் புத்தகம்

ஜொகூர் மாநிலத்து மாசாயில் என் மகள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கோத்து டின் இருக்கிறது. அதற்குள் முக்கால் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டையிலிருந்து முக்கால் பங்குவரை எழுத்து சுத்தமாக இருக்கும். அதற்குப் பிறகு கறையான் புகுந்து விளையாடியிருக்கும். கடைசிப் பக்கங்களில் ஓரம் மட்டும்தான் மிச்சம், நடுவில் பள்ளம். உதிர்ந்துவிடாமல் இருக்க ஒரு மஞ்சள் துணிப்பட்டையால் கட்டி வைத்திருக்கிறேன். அந்தத் துணியும் சாமானியமானதல்ல. வாசகசாலைகளின் ஆண்டு மாநாட்டில் தொண்டனாக நின்றபோது என் சட்டையில் குத்திக்கொண்டது. போன வாரம் என் மகள் ஜொகூர் பாருவில் நூலகர்கள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாள். அவள் பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கழுத்தில் பெயர் அட்டை, தோளில் அவர்கள் கொடுத்த பை, குளுகுளு மண்டபத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட ஜலதோஷம், எல்லாவற்றோடும் வந்து, ரொம்பப் பெரிய மாநாடு அப்பா என்றாள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் எங்கள் மாநாட்டில் பாயசம் இரண்டு தடவை வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம் அது. லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் நான் சரக்குக் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தேன். கல்யாணம் ஆகாதவன், கையில் வேலை, சட்டையில் கஞ்சி. கேட்க வேண்டுமா, ஊரில் எந்தக் காரியம் நடந்தாலும் தொண்டர் படையில் முதல் ஆள் நான்தான். ஜொகூர் முழுக்க இருந்த ரப்பர்த் தோட்டத்து வாசகசாலைகளுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு கூடும். எங்கள் ஊர் ரயில் நிற்கிற ஊர் என்பதால் அந்த வருஷம் அதை எங்களிடம் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பெரிய கொட்டகை எழும்பியது. தங்காக்கிலிருந்து வந்தவர்கள் லாரியில் சிகாமட் வந்து, அங்கே ரயிலேறி, தலையெல்லாம் செம்மண்ணோடு இறங்கினார்கள். தொண்டர்களுக்கான மஞ்சள் துணியும் அவர்கள் ஊர்த் துணிக்கடை உபயம்தான்.

மாநாடு என்றால் சொற்பொழிவுகள் இருந்தன, தீர்மானங்கள் இருந்தன. ஆனால் உண்மையில் எல்லாரும் வந்தது பெட்டி மாற்றத்துக்கு. ஒவ்வொரு வாசகசாலைக்கும் ஒரு மரப்பெட்டி, அதில் அடங்குகிற அளவுக்குப் புத்தகங்கள். புதிதாக வாங்க யாருக்கும் வக்கில்லை. அதனால் வருஷம் முழுக்க ஒரு பெட்டியை வாசித்து முடித்துவிட்டு, மாநாட்டில் அதைக் கொடுத்துவிட்டு வேறொரு தோட்டத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள். மாசாய்ப் பெட்டி தங்காக்குக்குப் போகும், தங்காக் பெட்டி எங்கேயோ போகும். இதில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. புத்தகம் கெட்டுப்போயிருந்தால் காரியதரிசி அதைச் சபையிலே சொல்லிவிட வேண்டும். கவனக்குறைவால் கெட்டது என்று தெரிந்தால் அந்தத் தோட்டத்துக்கு அந்த வருஷம் பெட்டி கிடையாது, காரியதரிசியையும் மாற்றிவிடுவார்கள். பெட்டிகளை வாங்கி வைக்கிற மேசை என் பொறுப்பில் இருந்தது. நேரம் மீறிப் பேசுகிறவர்களுக்கு அடிக்க ஸ்டேஷன் கைமணியையும் கொண்டுவந்திருந்தேன். அதை அடிக்கிற சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

எங்கள் தோட்டம் அடுத்த ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அங்கே வாசகசாலைக் காரியதரிசி என் சித்தப்பா. ரப்பர் புகைபோடுகிற கொட்டகையில் அவருக்கு வேலை. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே புகை வாசம் அடிக்கும். கண் எப்போதும் சிவந்திருக்கும். ஆனால் குரல் மட்டும் அந்தப் புகைக்குத் தப்பித்த குரல். பொழுது சாய்ந்ததும் லயத்து வீடுகளின் கோடியிலிருந்த அறையில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்து வாசிப்பார். எங்கள் தோட்டத்தில் எழுத்துத் தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். மற்றவர்களுக்கு வாசிப்பது என்றால் கேட்பது. ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். முன்வரிசையில் வெற்றிலைப் பெட்டியோடு என் அத்தை இருப்பாள். சித்தப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகிக் கப்பலேறியவளிடமிருந்து தகவலே இல்லை என்று, அவளைத் தேடிக்கொண்டுதான் சித்தப்பா இந்த நாட்டுக்கே வந்தார். தோட்டம் தோட்டமாக விசாரித்து, கடைசியில் அவளைக் கண்டுபிடித்தபோது, இவ்வளவு நாள் எங்கேடா போயிருந்தாய் என்று அவள்தான் அவரை முதலில் திட்டினாளாம். அழுகையெல்லாம் அதற்கு அப்புறம்தானாம்.

அந்த வருஷம் எங்களுக்கு வந்த பெட்டியில் அண்ணன் தங்கை கதை ஒன்று இருந்தது. வீட்டில் நடந்த சண்டையில் தங்கை வெளியேறித் துறைமுகப் பட்டணத்துக்குப் போய்விடுகிறாள். அண்ணன் மனம் வருந்தி அவளைத் தேடிப் புறப்படுகிறான். எங்கள் ஜனங்களுக்கு அது கதையாகவே படவில்லை. ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அண்ணன் இன்றைக்கு எந்த ஊர்வரை வந்தான் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

புத்தகப் பெட்டியின் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டின்களில் நிறுத்தி வைப்பது எல்லா வாசகசாலைக்காரர்களும் செய்கிற காரியம். சித்தப்பா ஒரு சமயம் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார். கறையானுக்குப் பெட்டியில் வேறு எதுவுமே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேராக இந்தக் கதையின் கடைசிப் பகுதிக்குப் போயிருந்தது. நான் லீவில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் அவருக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எதேச்சையாக அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால், மடியில் விரிந்திருந்த பக்கம் சல்லடையாக இருந்தது. மனுஷர் அதைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரும் போன பிறகு கேட்டேன். “புஸ்தகம் முடிஞ்சி போச்சின்னு அந்த மூஞ்சிங்களப் பாத்து எப்புடிடா சொல்றது?” என்றார். அப்படியே பல சாயங்காலங்கள் ஓட்டிவிட்டார். அவருடைய கதையில் அண்ணன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கையைக் கண்டுபிடித்துவிட்டான். அவள் அவனை நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு சோறு போட்டாள். அன்றைக்குத் தோட்டமே நிம்மதியாகத் தூங்கப் போனது.

மாநாட்டுக்கு முதல் நாள் சித்தப்பா வந்து என்னிடம் சொன்னார். பெட்டியைக் கொடுக்கும்போது மாநாட்டுத் தலைவரிடம் தனியாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், காரியதரிசி வேலையைப் பிடுங்கினாலும் சரி, நம் ஆட்களுக்கு முன்னால் மட்டும் வேண்டாம் என்றார். பாவம், அவருக்கு அந்த வேலைதான் உயிர். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்கள் காரியதரிசியை மட்டும் அனுப்புகிற ரகமா? ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அத்தை தலைமையில் ஒரு ரயில்பெட்டி நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர் என்னை முறைத்தார். பாயசத்தில் தண்ணீர் கூடியது அதனால்தான்.

மத்தியானம், அந்த வருஷம் எந்தப் புத்தகம் மனசுக்குப் பிடித்தது என்று ஒவ்வொரு தோட்டமும் சொல்கிற கட்டம் வந்தது. வழக்கமாகக் காரியதரிசிதான் பேசுவார். எங்கள் ஆட்கள் அத்தையைத் தள்ளிவிட்டார்கள். அவளும் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, மேடை கீடை என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் கதையை முழுக்கச் சொன்னாள். அண்ணன் வந்தது, தங்கை திட்டியது, சோறு போட்டது, எல்லாம். நேரம் மீறியது. நான் மணியைத் தொடவில்லை. சித்தப்பா கொட்டகைத் தூணோடு தூணாக நின்றிருந்தார்.

தங்காக் காரியதரிசி எழுந்தார். மரியாதையான மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெட்டி முந்தின வருஷம் தங்காக்கில்தான் இருந்தது, கதையின் முடிவு அப்படி இல்லை, அண்ணன் வந்து சேர்வதற்கு முதல் நாள் அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள், அவன் கையில் அவளுடைய துணிமூட்டைதான் கிடைக்கிறது என்றார். கொட்டகையில் சலசலப்பு. வேறு இரண்டு தோட்டத்துக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதே கதையின் இன்னொரு பிரதி என் மேசையிலேயே வேறு பெட்டியில் இருந்தது. தலைமை வகித்த பள்ளிக்கூட வாத்தியார் அதை எடுக்கச் சொல்லி, சந்தேகம் எதற்கு, கதை சொன்ன அம்மாவின் தோட்டத்துக் காரியதரிசியே கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சித்தப்பா அவரிடம் தனியாகச் சொல்ல இன்னும் சமயம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் புத்தகத்தைச் சித்தப்பா கையில் கொடுத்தது நான்.

அவர் வாசித்தார். வழக்கமான குரலில், ஒரு வரி விடாமல், பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அந்தப் பெண் இறக்கிற இடத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, கறையான் தின்ற புத்தகத்தைப் பெட்டியிலிருந்து தானே எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணெய் ஊற்ற மறந்தேன், மிச்சக் கதையை நானாகச் சொன்னேன், தப்பு என்னுடையதுதான் என்றார். அதற்குமேல் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி இந்த மனுஷர் தோட்டத்தில் எந்த முகத்தோடு விளக்கேற்றி உட்காருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை இன்னும் மேடையை விட்டு இறங்கியிருக்கவில்லை. தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: “அது அவங்க தோட்டத்துப் புஸ்தகங்கய்யா. எங்க தோட்டத்துப் புஸ்தகத்துல அவ சாகல.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் மேசைக்கு வந்து அந்தக் கறையான் புத்தகத்தை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வேறு பெட்டி கொடுத்தாலும் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் போகிறது, இதை மாற்ற மாட்டோம் என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஜனம் முழுக்க எழுந்து நின்றது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார். கடைசியில் தங்காக் காரியதரிசியே முன்வந்து, இவர்களுக்கு எங்கள் பெட்டியைக் கொடுங்கள், இவரே காரியதரிசியாக இருக்கட்டும் என்றார். நான் ஏனோ மணியை அடித்துவிட்டேன். எதற்கு அடித்தாய் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள்.

சாயங்கால ரயிலுக்குக் காத்திருந்தபோது பிளாட்பாரத்தில் அத்தையிடம் மெல்லக் கேட்டேன், அவர் தானாகக் கதை சொல்கிறார் என்று எப்போது தெரியும் என்று. ஆரம்பித்த அன்றைக்கே தெரியும் என்றாள். அத்தனை நாளும் அவன் பக்கத்தைத் திருப்புகிற சத்தமே வரவில்லை, எழுத்துத் தெரியாவிட்டால் காதும் கேட்காதா என்றாள். முன்வரிசையில் எல்லாருக்குமே தெரியுமாம். தெரிந்துதான் தினமும் வந்தார்களாம். “அதுவுமில்லாம அந்தத் தங்கச்சி திட்டுனது பூரா என்னோட திட்டு. அச்சுல எப்புடிடா வரும்?” என்று சொல்லிவிட்டு, புதுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்து, எண்ணெய் வாங்கினாயா என்று அதட்டினாள். அவர் அப்போதுதான் சிரித்தார்.

சப்பான்காரன் வந்த பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். சித்தப்பாவையும் கொண்டுபோனார்கள். ரயில்வேயில் இருந்துகொண்டும் என்னால் அந்த ஒரு ஆளை ரயிலிலிருந்து இறக்கிவிட முடியவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர், முகாமில் பேதி கண்டு சித்தப்பா போய்விட்டார், மண்ணில் புதைத்ததைப் பார்த்தேன் என்று அத்தையிடமே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், அவருக்குச் சோறு போட்டு அனுப்பினாள். பிறகு உள்ளே போய் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“நம்ம புஸ்தகத்துல அண்ணங்காரன் வந்துருவான்ல. வாசி” என்றாள்.

எனக்குச் சித்தப்பாவின் குரல் வராது. இருந்தாலும் வாசித்தேன். துறைமுகம், உலர்த்திய துணி, திட்டு, சோறு, எல்லாம் வந்தது. பக்கம் திருப்பவில்லை. அத்தை கடைசிவரை கேட்டாள். அவள் உயிரோடு இருந்தவரை பல தடவை அதை வாசித்திருக்கிறேன்.

நேற்று என் மகள் டின்னை இறக்கித் திறந்தாள். மாநாட்டில் பழைய புத்தகங்களைச் செப்பனிடச் சொல்லிக்கொடுத்தார்களாம். மஞ்சள் துணியை அவிழ்த்து, ஓரங்களை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். முன்பகுதியைக் காப்பாற்றிவிடலாம், கடைசிதான் இல்லையே அப்பா என்று வருத்தப்பட்டாள்.

இருக்கிறது, இப்படி உட்கார் என்று சொல்லி, புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டேன்.